திட்டத்தின் காப்பீடு யாரைக் காக்கிறது?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர நலக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





இன்று காப்பீடு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த வண்டிக் காப்பீடு, ஆஸ்பத்திரிக் காப்பீடு பற்றி அல்ல. சோலார் மின்நிலையம், நான்குவழிச் சாலை, கல்குவாரி, ஆலைக் கட்டடம் போன்ற பெரிய வேலைகள் தொடங்கும்போது அந்த வேலைக்கென்று ஒரு காப்பீடு எடுப்பார்கள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

"அது கம்பெனிக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம், நமக்கென்ன?" என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கு மூன்று விதத்தில் சம்பந்தம் இருக்கிறது. நம்முடைய நிலம் அந்த வேலைக்குப் போகிறது. நம் பிள்ளைகள் அங்கே கூலிக்குப் போகிறார்கள். நம் கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீர் அந்த இடத்தைக் கடந்துதான் வருகிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி எல்லாமே மானாவாரிப் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை கை கொடுத்தால் விளைச்சல், இல்லாவிட்டால் சீமைக்கருவேலம். வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை. அந்த வெயிலைத் தேடித்தான் சோலார் கம்பெனிகள் வருகின்றன. நமக்குப் பக்கத்துக் கமுதியில் 2016-ல் அதானி குழுமம் 648 மெகாவாட் மின்நிலையத்தைத் திறந்தது. ஏறத்தாழ 2,500 ஏக்கர் நிலத்தில் 8 மாதத்தில் கட்டி முடித்தார்கள். ஒரே இடத்தில் அமைந்த சோலார் மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது சொல்லப்பட்டது. அதன் பிறகு நம் பக்கத்திலும் தரகர்கள் பட்டா நகலைக் கேட்டு வருவது சாதாரணமாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ், பெரிய சுரங்கத்துக்கும் அனல் மின்நிலையத்துக்கும் முன் அனுமதி வேண்டும். அதற்காக மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள். சூரியத் தகடு மின்நிலையத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை. எனவே கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. சோலார் புகை விடுவதில்லை, நல்ல விஷயம்தான். ஆனால் "இந்த ஓடையை அடைக்காதீர்கள்", "வேலைக்கு வருபவனுக்கு என்ன பாதுகாப்பு?" என்று ஊர்க்காரர் எழுந்து கேட்க ஒரு கூட்டம் இல்லாமல் போகிறது. அந்தக் கேள்விகளைக் கேட்க நமக்கு மிஞ்சியிருப்பவை குத்தகைப் பத்திரம், வேலை ஒப்பந்தம், காப்பீட்டு பாலிசி ஆகிய காகிதங்கள்தான்.

முதலில் பாலிசியைப் பார்ப்போம். கட்டடம், சாலை வேலைக்கு எடுப்பதை "காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்" என்பார்கள். இயந்திரம், சோலார் தகடு நிறுவும் வேலைக்கு எடுப்பது "எரெக்ஷன் ஆல் ரிஸ்க்". "ஆல் ரிஸ்க்" என்றால் எல்லா ஆபத்தும் அடக்கம் என்று தோன்றும். யாருக்கு எல்லா ஆபத்தும் என்று கேட்க வேண்டும். இந்த பாலிசியில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி வேலைக்கும் சாமான்களுக்கும் உரியது. சூறைக்காற்றில் தகடு பறந்தாலோ, வெள்ளத்தில் அஸ்திவாரம் அரித்தாலோ, தீப்பிடித்தாலோ, திருடு போனாலோ அந்தப் பணம் கம்பெனிக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் போகும். இரண்டாவது பகுதிக்கு மூன்றாம் நபர் பொறுப்பு என்று பெயர். வேலையின்போது திடீர் விபத்து நடந்து பக்கத்து வீடு இடிந்தால், வழிப்போக்கர் அடிபட்டால், அதற்குரியது. அதில் எத்தனை ரூபாய் வரம்பு எழுதியிருக்கிறதோ அதுவரைதான் கிடைக்கும்.

இனி நம் வீட்டைத் தொடும் செய்தி. அங்கே வேலை செய்கிற கூலியாள் இந்த இரண்டு பகுதியிலும் வரமாட்டார். அவர் சாமானும் அல்ல, மூன்றாம் நபரும் அல்ல. அவருக்கென்று தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்றைத் தனியாக எடுக்க வேண்டும். "கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறது" என்று மேஸ்திரி சொன்னதை நம்பி அனுப்புகிற தாய் தகப்பனுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. அடுத்து, பாலிசி திடீர் விபத்துக்குத்தான் பணம் தரும். வரத்துக்கால் அடைபட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்மாய் வறண்டு போனால், அதற்கு எந்த பாலிசியும் பணம் தராது. அதை முன்கூட்டியே தடுப்பது ஒன்றுதான் வழி.

முன்கூட்டியே தடுப்பது பற்றி உலக அளவில் காப்பீட்டுத் துறையே பேசத் தொடங்கியிருக்கிறது. ஈ.எஸ்.ஜி. என்ற மூன்றெழுத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக ஒழுங்கு ஆகிய மூன்றையும் அது குறிக்கும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் நிதிப் பிரிவு 2012-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த மாநாட்டின்போது நிலையான காப்பீட்டுக்கான நான்கு கோட்பாடுகளை வெளியிட்டது. 2020-ல் ஆயுள் அல்லாத காப்பீட்டுக்கென்று ஒரு வழிகாட்டியும் வந்தது. அதன் சாரம் இதுதான். ஒரு திட்டத்துக்கு பாலிசி கொடுக்குமுன் காப்பீட்டு நிறுவனம் கட்டடத்தின் உறுதியை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வேலை தண்ணீரை என்ன செய்கிறது, தொழிலாளரை எப்படி நடத்துகிறது, நிலம் யாரிடமிருந்து எப்படி வந்தது, உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இது வெறும் காகிதப் பேச்சு அல்ல என்பதற்கு ஓர் உதாரணம். கமுதியில் மின்நிலையம் கட்டிய அதே குழுமம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்தை எடுத்து நடத்துகிறது. அங்கே பொதுமக்கள் காப்பீட்டு நிறுவனங்களை நோக்கிக் கேள்வி எழுப்பினார்கள். அதன் விளைவாக, உலகின் பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் பல, அந்தச் சுரங்கத்துக்கு பாலிசி தரமாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தன. சுரங்கம் நின்றுவிடவில்லை. 2021 கடைசியில் நிலக்கரி கப்பலேறியது. ஆனாலும் ஊர்க்காரரின் கேள்வி காப்பீட்டு நிறுவனத்தின் மேசைவரை போகும் என்பது அதில் தெரிந்தது. நம் நாட்டிலும், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் இந்த மூன்று விஷயங்களிலும் ஆண்டறிக்கை தரவேண்டும் என்று செபி 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அறிக்கை இணையத்தில் கிடைக்கும். படித்த பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம்.

இப்போது இந்த மூன்றையும் நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம்.

முதலாவது சுற்றுச்சூழல். நம் பகுதியில் அதற்குத் தண்ணீர் என்றே பொருள். குண்டாற்றையும் கண்மாய்களையும் நம்பிய ஊர்கள் இவை. ஒரு கண்மாய் நிறைய வேண்டுமானால் மேலேயுள்ள புஞ்சைகளில் விழும் மழை ஓடை வழியாகவும் வரத்துக்கால் வழியாகவும் வந்து சேர வேண்டும். அந்தப் புஞ்சையைச் சமப்படுத்திச் சுற்றிலும் கம்பிவேலியும் மண்கரையும் போட்டால் தண்ணீர் வேறு பக்கம் திரும்பும். ஒரு ஊர்க் கண்மாய் காயும், அடுத்த ஊர் வயல் மூழ்கும். தகடு கழுவவும் தண்ணீர் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி என்று கேட்பது ஊரின் உரிமை. நிலத்தைக் கொடுப்பவர் கையெழுத்துப் போடுமுன் புலப்படத்தை எடுத்து, ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, "இவற்றை அடைக்கக் கூடாது" என்று பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும்.

குத்தகை முடிந்த பிறகு நிலத்தின் நிலை என்ன என்பதும் இதில் சேரும். 25 ஆண்டு, 30 ஆண்டு என்று போடுகிறார்கள். அப்போது நாம் இருப்போமோ என்னவோ, நம் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். இரும்புத் தூணையும் கான்கிரீட்டையும் உடைந்த தகட்டையும் யார் எடுப்பது? 2022-ம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் தகடும் சேர்க்கப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. விதி இருந்தாலும், நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைப்பது கம்பெனியின் செலவு என்றும், அதற்கு வங்கி உத்தரவாதம் உண்டு என்றும் பத்திரத்தில் வரவேண்டும். இடையில் கம்பெனி கைமாறினால் வாங்கியவரையும் அது கட்டுப்படுத்த வேண்டும்.

இரண்டாவது சமூகம். இதில் நம் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. வேலையிடத்தில் இறந்தவருக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளது. இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளருக்கு இது பொருந்தும். மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று அட்டவணையில் கொடுத்துள்ள எண்ணால் பெருக்க வேண்டும். 2020 முதல் கணக்கில் எடுக்கும் கூலியின் உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய். 25 வயதுக்கு அட்டவணை எண் 216.91. 7,500 ரூபாயை அதனால் பெருக்கினால் 16,26,825 ரூபாய் வருகிறது.

இந்தத் தொகையை வீட்டில் எழுதி வையுங்கள். ஏனென்றால் மய்யித்தை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காண்ட்ராக்டரின் ஆள் வருவார். ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ கையில் கொடுத்து, "இனி எங்களுக்கும் உங்களுக்கும் கணக்கில்லை" என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார். இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு அதைப் படித்துப் பார்க்கும் நிலை இருக்காது. 1923-ம் ஆண்டுச் சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டது. மரணத்துக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தமும் செல்லாது. காண்ட்ராக்டர் கைவிரித்தால், அந்த வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடம் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

மனுக் கொடுக்க ஆதாரம் வேண்டும். கூலியைக் கையில் வாங்கி, பெயரில்லாத சீட்டில் வேலை பார்த்தால், "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். நுழைவுச் சீட்டு, வருகைப் பதிவின் புகைப்படம், வங்கியிலோ போனிலோ வந்த கூலி, மேஸ்திரி அனுப்பிய செய்தி எல்லாம் சாட்சிதான். இன்னொன்று, இந்த பாலிசிக்கு ஆள் எண்ணிக்கையையும் மொத்தக் கூலியையும் சொல்லித்தான் பிரீமியம் கட்டுகிறார்கள். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் முப்பது பேர் என்று சொல்லியிருந்தால், விபத்து நடந்ததும் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்ய இடம் கிடைக்கிறது. அப்போது குடும்பம் அலைய வேண்டியதாகிறது. வேலைக்குச் சேரும் முதல் நாளே "என் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா?" என்று பிள்ளை கேட்கட்டும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்திலும் பதிவு செய்துகொள்ளட்டும். அந்த உதவி இந்த இழப்பீட்டிலிருந்து தனியானது.

மூன்றாவது நிர்வாக ஒழுங்கு. இது என்னவோ அலுவலக விஷயம் மாதிரித் தோன்றும். நம் மாவட்டத்தில் இது எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று பாருங்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலை குத்தகைக்கும் உள்குத்தகைக்கும் விடப்பட்டிருந்தது வெளியே வந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் வழங்க உத்தரவிட்டது. உரிமத்தின் நிபந்தனையை மீறி நடக்கும் இடத்தில் பாலிசி இருந்தும் பயன் இருக்காது. காப்பீட்டு நிறுவனம் முதலில் புரட்டிப் பார்ப்பது உரிமத்தைத்தான். காகிதத்தில் ஒருவர், வேலையிடத்தில் வேறொருவர் என்று இருந்தால் அதுவே பெரிய ஆபத்து என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் பக்கத்தில், காரியாபட்டி அருகே ஆவியூர் கல்குவாரியில் 2024 மே 1 அன்று வெடிபொருள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். உலகமெல்லாம் தொழிலாளர் தினம் கொண்டாடிய நாள் அது. இப்படிப்பட்ட இடங்களுக்காக இன்னொரு சட்டம் இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த பிறகு, 1991-ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. ஆபத்தான பொருட்களைக் குறித்த அளவுக்கு மேல் கையாள்பவர், வெளியாட்களுக்கு நேரும் தீங்குக்காகக் கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர், முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரிடம் ஐந்து ஆண்டுகளுக்குள் மனுக் கொடுத்தால் போதும். இந்த நிவாரணம் வாங்கியதால், அதிக இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. குவாரி, கெமிக்கல் கிடங்கு உள்ள ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இங்கே ஆலிம்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. காப்பீடே கூடாது என்கிறபோது இதையெல்லாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கிறார்கள். 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, லாப நோக்கில் நடக்கும் காப்பீட்டு ஒப்பந்தத்தில் தெளிவின்மை இருப்பதால் கூடாது என்றும், ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் தீர்மானித்தது. சொந்தமாக ஒரு பாலிசி எடுப்பது பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். நான் சொல்வது வேறு. வேலை கொடுத்தவர் மீது சட்டம் சுமத்திய கடமை இது. இறந்தவரின் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய ஹக்கு இது. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டிவிட்டு வைப்பதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நம் எல்லோருக்கும் தெரியும். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். அது கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுதி வாங்குவது அவநம்பிக்கை அல்ல, அது நமக்குச் சொல்லித் தரப்பட்ட முறை.

மற்றவர்களைப் பற்றியே பேசிவிட்டு நம்மை விட்டுவிடக் கூடாது. பள்ளிவாசல் விரிவாக்கம், மதரஸா மாடி, திருமண மண்டபம், கபரஸ்தான் சுற்றுச்சுவர் எல்லாமே திட்டங்கள்தான். அங்கே சாரத்தின் மேல் ஏறுகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. சாரம் சரிந்தால் காண்ட்ராக்டரோடு சேர்த்து நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும். பொதுப்பணம் என்பதால் செலவைக் குறைக்க நினைப்பது நியாயம். ஆனால் தொழிலாளர் பாலிசியை விட்டுவிட்டு மிச்சம் பிடித்தால், நாளை ஒரு விபத்தில் அறக்கட்டளையின் சொத்தே ஈடாக நிற்கும். கட்டட அனுமதியின்போது செலுத்தும் 1 சதவீதத் தொழிலாளர் நலநிதியையும் குறைத்துக் காட்டாமல் செலுத்த வேண்டும். விபத்தில் சிக்கிய தொழிலாளருக்கு வாரியம் கொடுப்பது அந்தப் பணத்திலிருந்துதான். கம்பெனியிடம் நாம் கேட்கும் கேள்விகளை முதலில் நம் கட்டடத்தில் கேட்டுக்கொண்டால்தான் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

கடைசியாக, நடைமுறையில் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நிலம் கொடுப்பவர்கள்: பத்திரத்தைப் பதிவு செய்யாமல் நீண்ட காலக் குத்தகைக்கு விடாதீர்கள். மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு எத்தனை ரூபாய்க்கு என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வேலையால் பக்கத்துக்காரர் நஷ்டம் கேட்டு உங்கள் மீது வழக்குப் போட்டால் கம்பெனியே பொறுப்பேற்கும் என்றும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டும் பாலிசி புதுப்பித்த நகலை வாங்கி வையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள்: முதன்மைக் கம்பெனியின் பெயர், காண்ட்ராக்டரின் பெயர், தொழிலாளர் பாலிசியின் எண் மூன்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டிலுள்ள தாய்மார்கள்: அல்லாஹ் காப்பாற்றட்டும், ஏதாவது நடந்துவிட்டால் மூன்றாம் நாள் வரும் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். முதலில் ஜமாஅத்துக்குச் சொல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகள்: மையவாடிச் சீட்டு எழுதும் அதே நோட்டில், வேலையிடத்து மரணம் என்றால் தனியாகக் குறித்து, ஆணையரிடம் மனுப் போகும்வரை கூடவே நில்லுங்கள். கிராமசபையில் ஓடை, வரத்துக்கால் பற்றித் தீர்மானம் போட மற்ற சமுதாயத்துச் சகோதரர்களோடு சேர்ந்து போங்கள். தண்ணீர் எல்லோருக்கும் பொது.

இந்தப் பூமிக்கு வேலையும் வரட்டும், மின்சாரமும் வரட்டும். வருகிற வேலையில் எந்த வீட்டின் விளக்கும் அணையாமல் இருக்க, எழுதவேண்டியதை முன்பே எழுதி வாங்குவோம். வல்ல அல்லாஹ் நம் உழைப்பாளிகளைப் பாதுகாப்பானாக, நம் கண்மாய்களை நிறைப்பானாக, அமானிதத்தைப் பேணுகிறவர்களாக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.